துக்க வீட்டுக்குப் போன மெரூன் சேர்கள்

1

சென்ற மாதம் என் துறையில் எனக்கு ஒரு பூச்செண்டு கொடுத்தார்கள். வேலைக்குச் சேர்ந்து இருபது ஆண்டு நிறைந்ததற்கான மரியாதை அது. நெதர்லாந்தின் தெற்கே ஒரு நடுத்தர நகரம். அங்கே தொழில்துறை வடிவமைப்பு கற்றுக்கொடுக்கும் ஒரு பல்கலைக்கழகத் துறையில் நான் பேராசிரியர். உடன் வேலை செய்கிறவர்கள் மருத்துவமனைக் கட்டில், தண்ணீர்க் குழாய், குழந்தைகளைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டி என்று எதையாவது வடிவமைத்துக்கொண்டே இருப்பார்கள். எனக்கு ஒரு கோடு நேராக வரைய வராது. ஒரு பொருள் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு மனிதர்களுக்கு நடுவில் என்ன செய்கிறது, யாரை உட்கார வைக்கிறது, யாரை நிற்க வைக்கிறது என்று கவனித்து எழுதுவது என் வேலை.

பூச்செண்டைக் கையில் கொடுத்த துறைத் தலைவர், உங்கள் ஆராய்ச்சி எந்தப் பொருளில் தொடங்கியது என்று கேட்டார். பிளாஸ்டிக் நாற்காலி என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். இந்த நாட்டில் வடிவமைப்பு வரலாறு என்றால் நாற்காலிதான். ஆனால் அவர்கள் நினைத்தது அருங்காட்சியகத்தில் கயிறு கட்டி, உட்காரக்கூடாது என்று எழுதி வைத்திருக்கும் நாற்காலியை. நான் சொன்னது திண்டுக்கல்லில் என் தங்கை ஜெசிந்தாவின் கடையிலிருந்து வாடகைக்குப் போய் வரும் சேரை. விளக்குவதற்குள் கேக்கை வெட்டிவிட்டார்கள். உங்களுக்கு விளக்க வேண்டியது குறைவு. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2

வெளிநாடு வருவதற்கு முன் நான் திண்டுக்கல்லில் ஒரு நாளிதழின் நிருபர். அரசியல் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கட்சிக்காரரைக் கேட்டால் ஒரு கணக்கு வரும். போலீஸைக் கேட்டால் இன்னொரு கணக்கு வரும். எங்கள் செய்தி ஆசிரியர் வேறு வழி வைத்திருந்தார். சேர் வாடகைக் கடையில் போய், எத்தனை சேர் போயிருக்கிறது என்று கேள், அவன்தான் பொய் சொல்லமாட்டான் என்பார். அப்படித்தான் ஊரிலுள்ள வாடகைக் கடைகள் எல்லாம் எனக்குப் பழக்கம். ஜெசிந்தாவைக் கட்டிக்கொடுத்ததும் அப்படி ஒரு கடைக்காரர் வீட்டில்தான். அவள் கணவர் அந்தோணியின் குடும்பம் வத்தலக்குண்டு சாலையில் பந்தல், பாத்திரம், சேர் வாடகைக்கு விடுகிறது.

அந்தக் கடையில் சேர்கள் இரண்டு நிறத்தில் இருந்தன. மெரூன் ஒன்று, நீலம் ஒன்று. வடிவம் ஒன்றுதான், கனமும் ஒன்றுதான், வாடகையிலும் வேறுபாடு இல்லை. ஆனால் காதுகுத்து, நிச்சயம், சடங்கு, புதுமனை புகுவிழா என்றால் மெரூன்தான் போகும். சாவு வீட்டுக்கு நீலம்தான் போகும். இதைப் பலகையில் எழுதி வைத்ததில்லை. வாங்க வருகிறவர்கள் கேட்டதும் இல்லை, கடைக்காரர் சொன்னதும் இல்லை. ஒரு தெருவில் நீலச் சேர் இறங்கினால், வீடு எது என்று தெரிவதற்கு முன்பே ஜனங்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

நீலத்துக்கும் துக்கத்துக்கும் எந்தச் சாத்திரத்திலும் சம்பந்தமில்லை. அந்தோணியின் அப்பா முதன்முதலில் வாங்கப் போன அன்று வியாபாரியிடம் இருந்தது நீலம் மட்டும். அதன் முதல் ஓட்டமே ஒரு பெரிய சாவுக்கு. அதைப் பார்த்தவர்கள் தங்கள் விசேஷத்துக்கு அந்தச் சேர் வேண்டாம் என்றார்கள். வேறு வழியில்லாமல் மெரூன் வாங்கினார். அதோடு விதி பிறந்துவிட்டது. பழனி சாலையில் இன்னொரு கடையில் வெள்ளை துக்கத்துக்கு, பச்சை விசேஷத்துக்கு. அந்தந்தக் கடையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு அந்தந்த நிறம் மனப்பாடம்.

தொழிற்சாலை ஒரு அச்சில் வார்த்து அனுப்பியதை ஊர் இரண்டாகப் பிரித்துக்கொண்டது. என் முதல் ஆய்வுக் கட்டுரை இதைப் பற்றியது. வேலை கிடைத்ததும் அதனால்தான்.

3

இந்த நாட்டிலும் நிறத்துக்கு விதி உண்டு. வித்தியாசம், இங்கே அதை அச்சடித்து வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள். பச்சைக் குப்பைத் தொட்டியில் காய்கறிக் கழிவு, நீல மூடி போட்டதில் காகிதம். எந்தக் கிழமை எதை வாசலில் வைக்க வேண்டும் என்று நகராட்சி நாட்காட்டி சொல்லும். வந்த புதிதில் நான் ஒரு முறை தொட்டியை மாற்றி வைத்தேன். எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, மிகவும் மரியாதையாக, தானே அதை மாற்றி வைத்துவிட்டதாகச் சொல்லிப் போனார். இந்த ஊரில் கோபத்தின் உச்சம் அதுதான்.

அவர்களின் பிறந்தநாள் விழாவைப் பற்றி ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். புதிதாக வருகிறவர் அந்த வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பிறந்தநாள்காரருக்கு மட்டுமல்லாமல் அவர் அம்மா, மாமனார், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து 'வாழ்த்துகள்' என்று சொல்ல வேண்டும். பிறகு ஒரு இடத்தில் உட்கார்ந்தால் அதுதான் இடம். எழுந்து மாறி உட்கார்வது வழக்கமில்லை. வாழ்த்துக்கு அவர்கள் சொல் 'ஹெஃபெலிசிதேர்ட்'. துக்கம் விசாரிக்க 'ஹெகொண்டொலேர்ட்'. சக பேராசிரியர் ஒருவரின் அப்பா இறந்தபோது, கையில் காப்பியும் ஒரு துண்டு கேக்குமாக வரிசையில் நகர்ந்து, அவர் அம்மாவின் கையைப் பிடித்து முதல் சொல்லைச் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் என் கையை விடாமல், கடைசி ஆறு மாதம் அவரை நான்தான் பார்த்துக்கொண்டேன், நீ சொன்னதில் பெரிய தவறில்லை என்றார். அன்றிலிருந்து கிறிஸ்துமஸுக்கு எனக்கு அட்டை அனுப்புகிறார்.

என் மகள் நிலாவுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. பதினேழு வயது. டச்சுதான் அவள் மொழி. வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் டச்சில் பதில் சொல்வாள். இருவருக்கும் அது உறுத்துவதில்லை. தமிழ் நன்றாகப் புரியும். பேசினால் என் திண்டுக்கல் தமிழும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகமும் கலந்து வரும். என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் "அம்மா நாற்காலி எண்ணுகிறார்" என்பாள். அதற்கு மேல் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

4

போன ஆண்டு இந்த நாட்டுக் கோடை விடுமுறையில் இருவரும் ஊருக்குப் போனோம். எனக்கு அங்கே இரண்டு வேலை. ஒன்று, புத்தகத்தின் கடைசி அத்தியாயம். இருபது ஆண்டுக்குப் பிறகு மெரூன்–நீலம் விதி என்ன ஆயிற்று என்று பார்ப்பது. குளிரூட்டிய மண்டபங்கள் வந்துவிட்டன, சேருக்கு வெள்ளை உறை போட்டு நாடா கட்டுகிறார்கள். ஆகவே விதி தளர்ந்துகொண்டிருக்கிறது என்று வரைவில் எழுதி வைத்திருந்தேன். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு, தகவல் தருகிறவர் உங்கள் தங்கை என்பதால் அவருக்கு இந்த ஆய்வினால் ஏதாவது பாதிப்பு வருமா என்று கேட்டிருந்தது. வராது என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

இரண்டாவது வேலை, அப்பாவின் வாரிசுச் சான்றிதழ். அப்பா பெயர் சூசை. ஊர் ஆவணங்களில் நான் சூ. அமலா. நெதர்லாந்தில் குடும்பப் பெயர் இல்லாமல் ஒருவர் இருக்க முடியாது என்பதால் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கி அமலா சூசை ஆனேன். இங்கே கடிதங்களெல்லாம் 'திருமதி சூசை' என்றுதான் வரும்; அது அம்மாவுக்கு வந்த கடிதம் போல இருக்கும். தாலுகா அலுவலகத்தில் இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த எழுத்தர், "இந்த ரெண்டு பேருல நீங்க யாரும்மா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. இருவரும் ஒருவரே என்று சான்று வாங்கி வரச் சொன்னார்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்திருந்தது. ஆடி முழுதும் விசேஷம் இல்லாததால் வாடகைக் கடைக்கு அது ஓய்வு மாதம். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ஊரில் ஒரு சேர் மிச்சம் இருக்காது. ஜெசிந்தா மெரூன் சேர்களை எல்லாம் கழுவி, வெயிலில் காயவைத்து, கடையின் முன்பக்கம் அடுக்கி வைத்திருந்தாள். அவை செம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக் காதுகுத்துக்குப் போக வேண்டியவை. செல்வராணி என்று ஒரு பெண். மல்லிகையும் தென்னையும் வைத்திருக்கிற குடும்பம். அவளுடைய மூத்த பையனுக்குக் காதுகுத்து. அந்தக் குடும்பத்துக்குச் சுற்றிலும் ஏழெட்டு ஊரில் உறவு. அங்கே பெயர் எடுத்தால் அத்தனை ஊர் விசேஷமும் ஜெசிந்தாவுக்கு வரும். பெயர் கெட்டாலும் அதே வேகத்தில்தான் பரவும்.

விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஜெசிந்தாவும் அந்தோணியும் பந்தல் போட இடம் பார்க்கச் செம்பட்டி போயிருந்தார்கள். நான் தாலுகா அலுவலகத்தில். கடையில் நிலா மட்டும். யாராவது வந்தால் பெயரும் போன் நம்பரும் வாங்கிக்கொண்டு கொடு என்று சொல்லியிருந்தார்கள்.

மதியம் நான் திரும்பியபோது ஜெசிந்தா கடை வாசலில் நின்றிருந்தாள். முன்பக்க அடுக்கில் பெரிய இடைவெளி தெரிந்தது.

"எம்புட்டு குடுத்த?" என்று நிலாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நூறு, சித்தி. பேரு, போன் நம்பர் எல்லாம் வாங்கிட்டேன்."

"எதுக்குன்னு சொன்னாங்க?"

"அவங்க தாத்தா இறந்துட்டார். மூணு அண்ணன்கள் வண்டியோட வந்தாங்க."

"எந்தச் சேரும்மா குடுத்த?"

"நல்லதா பாத்துக் குடுத்தேன்" என்றாள் நிலா. "பின்னாடி இருக்கிற நீலமெல்லாம் பழசு, கீறல் விழுந்திருக்கு. துக்கத்துல இருக்கறவங்களுக்கு அதையா குடுக்கறது?"

ஜெசிந்தா திட்டவில்லை. ஒரு நீலச் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஏக்கா, இவகிட்ட நீ சொன்னதே இல்லையா?"

நான்கு நாட்டுக் கருத்தரங்குகளில் சொன்ன விஷயம். வீட்டில் சொன்னதில்லை.

அந்தோணி குட்டியானைச் சரக்கு வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். விஷயம் கேட்டதும் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே, "நாளைக்குத் திரும்ப வந்ததும் கழுவி ஏத்திருவோம். சேரு என்ன வாயத் தொறந்து சொல்லப் போகுதா?" என்றார்.

"சேரு சொல்லாது. செல்வராணி சொல்லுவா" என்று நிலா எழுதி வைத்திருந்த சீட்டை நீட்டினாள் ஜெசிந்தா. "செத்தது யாருன்னு பாத்தீங்களா? பூ மார்க்கெட் கமிஷன் கடை இருளப்பன் அய்யா. அவரு கடையிலதான் அவ வருசமெல்லாம் பூப் போடுறா. இந்நேரம் போயி அந்த மெரூன் சேருலதான் உக்காந்திருப்பா."

வேறு கடைகளுக்குப் போன் போட்டாள். ஆவணி முதல் முகூர்த்தம். ஒட்டன்சத்திரம் வரை ஒரு சேர் இல்லை. கடைசிப் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ புஸ்தகத்துல என்னன்னு எழுதிருக்க? சனங்க இப்ப இதெல்லாம் பாக்குறாங்களா, இல்லையா?"

"முன்ன மாதிரி இல்ல, குறைஞ்சுட்டு வருதுன்னு எழுதிருக்கேன்."

"அப்ப சாயந்தரம் எங்கூட வா. செல்வராணிகிட்ட நீயே சொல்லு."

அந்தோணி சிரித்துவிட்டார். "மதினி, டிக்கெட்ட மாத்தி இன்னைக்கே கெளம்ப முடியுமான்னு பாருங்க."

நிலா பின்பக்கம் போய் நீலச் சேர்களைத் துடைக்க ஆரம்பித்தாள். அவற்றால் இப்போது பயன் இல்லை என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

5

இருளப்பன் வீடு பூ மார்க்கெட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. நாங்கள் நால்வரும் போனோம். தெருமுனையிலேயே கொட்டுச் சத்தம் கேட்டது. வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். பூக்கடைக்காரர் சாவு என்பதால் மாலைகள் சுவரில் இடமில்லாமல் மின்கம்பத்தில் தொங்கின. தெருவின் இரு பக்கமும் எங்கள் மெரூன் சேர்கள். ஒன்றுகூடக் காலியில்லை.

பெரியவரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து பேரன் வர வேண்டும். என் மாணவர்களிடம் நான் காட்டும் பொருள்களில் அந்தப் பெட்டியும் ஒன்று. சக்கரம், கண்ணாடி மூடி, பக்கவாட்டில் குளிரூட்டும் இயந்திரம். ஊரில் இறந்தவரை அன்றே எடுத்துவிடும் வழக்கத்தை மாற்றிய பொருள் அது. வெளிநாட்டில் இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்காகவே வந்தது என்று சொல்லலாம். என் அப்பாவும் அப்படி ஒரு பெட்டியில்தான் எனக்காக இருந்தார். நான் வந்து பார்த்தேன். அந்தப் பெட்டியை வடிவமைத்தவர் யார் என்று தேடியிருக்கிறேன், கிடைக்கவில்லை.

இருளப்பனின் மூத்த மகன், அவரே கிழவர், ஜெசிந்தாவைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"வாம்மா. எங்கப்பாவுக்கு மெரூன் சேரு அனுப்பி மரியாத பண்ணிட்ட. நாங்க கேக்கக்கூட இல்ல."

ஜெசிந்தா ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும் என்ற நிலை. "நான் கடையில இல்லண்ணே. எங்கக்கா மகதான் எடுத்துக் குடுத்தா" என்றாள். அவர் நிலாவைப் பார்த்துக் கை கூப்பினார். நிலாவும் கூப்பினாள். அவள் என்ன சொல்லிவிடுவாளோ என்று நான் பயந்தேன். கும்பிட்டதோடு நிறுத்திக்கொண்டாள்.

செல்வராணி பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் நாத்தனார் பேச்சியம்மாள், அந்தக் குடும்பத்தின் மூத்தவள். விசேஷத்தில் எது ஆகும் எது ஆகாது என்பது அவள் பேச்சு. ஜெசிந்தா கிட்டே போனதும் பேச்சியம்மாள் தான் உட்கார்ந்திருந்த சேரின் கையைத் தட்டிக் காட்டினாள்.

"ஏம்மா, இது எங்க வீட்டுக்கு வர்ற சேருல்ல?"

"ஆமாக்கா" என்றாள் ஜெசிந்தா. "தப்பு நடந்துபோச்சு. பிள்ளைக்கு வழக்கம் தெரியாது. வேற கடையெல்லாம் கேட்டுப் பாத்துட்டேன், ஒரு சேரு கெடைக்கல. இது வேணாம்னா சொல்லிருங்க. நூறு பேருக்குச் சேரு இருக்கு, மிச்சத்துக்கு ஜமுக்காளம் விரிச்சுத் தாரேன். உங்களுக்குத் தெரியாம ஏத்தி அனுப்ப எனக்கு மனசு வரல."

செல்வராணிக்கு முகம் சிறுத்துவிட்டது. "தலச்சம்பிள்ளைக்கு மொத விசேசம்க்கா" என்றாள்.

என் வரைவில் உள்ளபடி நான் அப்போது ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மண்டபங்களைப் பற்றி, வெள்ளை உறைகளைப் பற்றி. ஜெசிந்தாவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

பேச்சியம்மாள் உட்கார்ந்தபடியே ஆண்கள் பக்கம் திரும்பினாள். அந்த மூத்த மகனைக் கூப்பிட்டாள். "ஏண்ணே, அய்யாவுக்கு எத்தன கொள்ளுப்பேரன்?"

"ஏழு இருக்கு தாயி. சிங்கப்பூர்ல பேரன் பொண்டாட்டி முழுகாம இருக்கு. அதையும் சேத்தா எட்டு."

"அது பெறக்கட்டும், பெறகு சேத்துக்குவோம்." ஏழு என்று விரலில் ஒரு முறை மடக்கிப் பார்த்தாள். "ஏழு கொள்ளுப்பேரன் எடுத்தவரு. இது கல்யாணச் சாவுல்ல? கொட்டு அடிக்கிறீங்க, வெடி போடுறீங்க, இதுக்கு நீலத்தப் போட்டாத்தான் தப்பு. இந்தச் சேருல உக்காந்து எங்க பயலுக்குக் காது குத்துனா அவனுக்கும் ஆயுசு கெட்டியா இருக்கும்."

நெடுநாள் வாழ்ந்தவரின் ஊர்வலத்தில் இறைக்கும் காசைப் பொறுக்கிப் பிள்ளைகளுக்கென்று வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். பேச்சியம்மாள் அதைச் சேருக்கு நீட்டிவிட்டாள். அவ்வளவுதான். ஆனால் அதுவரை எந்தக் கல்யாணச் சாவுக்கும் அந்தக் கடையிலிருந்து மெரூன் போனதில்லை. நூறு வயதுக்காரருக்கும் நீலம்தான் போயிற்று. கேட்க யாருக்கும் தோன்றவில்லை, கொடுக்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

"கழுவித்தான அனுப்புவ?" என்று ஜெசிந்தாவிடம் கேட்டாள்.

"நல்லா கழுவிருவோம்க்கா."

"தண்ணிய மட்டும் ஊத்து. சோப்பப் போட்டுத் தேச்சு அம்புட்டையும் எடுத்துராத."

செல்வராணி இன்னும் முழுதாகத் தெளியவில்லை. "எந்தம்பி உக்கார்ற சேரு மட்டும் புதுசா இருக்கட்டும்க்கா" என்றாள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். அந்த ஒரு சேர். ஜெசிந்தா சரி என்றாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி அதை அப்போதே வாங்கினாள்.

6

காதுகுத்து நன்றாக நடந்தது. தாய்மாமன் கனத்த உடம்புக்காரர். புதுச் சேரின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க அக்கா விடவில்லை என்பதால் அவர் அசையும்போதெல்லாம் அது சரசரத்தது. பையன் ஊசியைக் கண்டபோது அழவில்லை. அந்தச் சத்தத்துக்குத்தான் முதலில் அழுதான்.

பேச்சியம்மாள் பந்தல் வாசலில் நின்று வருகிறவர்களிடமெல்லாம் இருளப்பன் அய்யா சேரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். விசேஷத்துக்கு வந்தது மொத்தம் இருநூறு சேர். அதில் சாவு வீட்டுக்குப் போய் வந்தது நூறு. எது அந்த நூறு என்று பெண்கள் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு அம்மாள் கைக்குழந்தையோடு இரண்டு முறை இடம் மாறி உட்கார்ந்தாள். அந்தோணி அவித்த கடலையை மென்றுகொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார்.

"முந்தாநேத்து, தெரிஞ்சுருமேன்னு பயந்தோம் மதினி. இன்னைக்கு, தெரியலையேன்னு சண்டைக்கு வாராங்க."

நிலா பந்தியில் தண்ணீர் வைத்தாள். யாரோ ஒருத்தி அவளை நிறுத்தி, "நீதான சேரு எடுத்துக் குடுத்த பிள்ள?" என்று கேட்டு அவள் தலையில் பூ வைத்துவிட்டாள். ராத்திரி படுக்கும்போது நிலா என்னிடம் டச்சில், நீ எழுதியதை நான் வாசிக்கலாமா என்று கேட்டாள். முதல் கட்டுரையைக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, இதில் மனிதர்களை எழுத்தாகவும் எண்ணாகவும் குறித்திருக்கிறாயே, சித்தப்பாவின் அப்பா எந்த எழுத்து என்று கேட்டாள். நெறிமுறைக் குழுவின் விதி அது என்றேன். அந்தக் குழு செம்பட்டிக்கு வந்து பார்க்கட்டும் என்றாள்.

இங்கே திரும்பியதும் கடைசி அத்தியாயத்தைத் திருத்தினேன். 'தளர்ந்துகொண்டிருக்கிறது' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். விதி தளரவில்லை, அதற்குள் ஒரு புது அறை திறந்திருக்கிறது என்று எழுதினேன். ஆய்வாளரின் குடும்பத்தார் நிகழ்வில் குறுக்கிட்டிருக்கிறார்களா என்று மதிப்பீட்டாளர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆம் என்று ஒரு அடிக்குறிப்பு போட்டேன். அவ்வளவு மகிழ்ச்சியோடு நான் எழுதிய அடிக்குறிப்பு வேறு இல்லை.

ஊரை விட்டு வந்தது சரியா என்று இந்த மாதிரிக் குறிப்புகளை எழுதுகிறவர்கள் தங்களையே கேட்டுக்கொள்வது வழக்கம். நான் கேட்டுக்கொள்வதில்லை. குப்பைத் தொட்டியை இப்போது சரியாக வைக்கிறேன். எதிர்வீட்டுக்காரர் தக்காளிச் செடி கொடுத்திருக்கிறார். மாணவர்கள் வருகிறார்கள், வாதாடுகிறார்கள், போகிறார்கள். இது நல்ல வாழ்க்கை.

சென்ற சனிக்கிழமை காலை ஜெசிந்தா போனில் வந்தாள். முகம் தெரியும்படி வைத்தேன். பின்னால் கடை, அடுக்கின் முன்னால் அந்தோணி. ரவுண்டு ரோடு பக்கம் ஒரு அம்மாள் இறந்துவிட்டார். வீட்டுக்காரர்கள் மெரூன்தான் வேண்டும் என்கிறார்கள். மறுநாள் ஒரு நிச்சயத்துக்கும் அதே சேர்கள் போக வேண்டும்.

"வந்தவங்க வாசல்லயே நிக்கிறாங்க. வயசு எண்பதுங்கிறாங்க. எண்பது எல்லாம் இந்தக் காலத்துல ஒரு வயசா? குடுத்தா நிச்சயக்காரங்க என்ன சொல்வாங்களோ. குடுக்கலைன்னா, அவங்க அம்மாவ மட்டும் நான் கொறச்சுட்டேன்னு ஆகிரும். நீ என்னக்கா சொல்ற?"

நான் யோசித்தேன். அது இடத்தைப் பொறுத்தது, அந்த வீட்டாரைச் சுற்றியிருப்பவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்று தொடங்கினேன். நிலா மேஜையின் மறுபக்கத்தில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்காமல் போன் பக்கம் தலையை நீட்டினாள்.

"சித்தி, அவங்களுக்குக் கொள்ளுப்பேரன் இருக்கா?"

"செத்த இரு, கேக்குறேன்."

ஜெசிந்தா வாசல் பக்கம் போனாள். திரையில் கடையின் கூரை மட்டும் தெரிந்தது. பேச்சுக் குரல்கள் கேட்டன. என்ன என்று பிடிபடவில்லை. பிறகு அவள் எங்களிடம் திரும்பி வரவில்லை. அந்தோணியிடம் சொல்வது கேட்டது.

"ரெண்டு இருக்காம். மெரூன ஏத்துங்க."